மஞ்சள் பைக்குள் ஒரு பை

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் அப்பாவுக்கு மூக்கடைப்பு வந்தது. தெருமுனை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை இரண்டு நாள் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் இரவு சாப்பிட்டுவிட்டுப் புறவாசலுக்குப் போனவர் நெடுநேரமாகியும் திரும்பாததால் நான் போய்ப் பார்த்தேன். துவைகல்லுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். "முட்டிக்கிட்டு நிக்கு, ஒரு சொட்டு வரமாட்டேங்கு" என்றார்.

நீர்க்கடுப்புக்குச் சேரன்மகாதேவியில் என்னென்ன செய்வார்களோ அத்தனையும் அடுத்த மூன்று மணி நேரத்தில் எங்கள் வீட்டில் நடந்தன. அம்மா வெந்நீரில் துணியை நனைத்து அடிவயிற்றில் ஒத்தடம் கொடுத்தாள். பக்கத்து வீட்டு ஆச்சி, சூடுதான், இறங்கிவிடும் என்று சொல்லி, சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை ஒரு செம்பு நிறையக் குடிக்கவைத்தாள். அடைத்துக்கொண்ட தொட்டியில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நள்ளிரவு தாண்டி ஆட்டோவில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனபோது அப்பா பேச்சை நிறுத்தியிருந்தார். மருத்துவமனையில் சிறுநீர் வடிய ஒரு குழாய் போட்டதும் அதோடு இணைத்த பையில் இறங்கியது 900 மில்லி. சாதாரணமாக 400 அல்லது 500 மில்லி சேர்ந்தாலே சிறுநீர்ப்பை தாங்காமல் நம்மை எழுப்பிவிடும்.

வயதான ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாசலில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பி பெருத்து, தன் நடுவே போகும் சிறுநீர்த் தாரையை நெருக்கும் என்பதும், அப்பா ஓராண்டாக இரவில் நாலைந்து முறை எழுந்துகொண்டிருந்தது அதனால்தான் என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. நாங்கள் அதை வயது என்று நினைத்திருந்தோம். மூக்கடைப்பை நீக்கும் சில மாத்திரைகள் மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதுபோலவே சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையையும் இறுக்கிவிடும். அதோடு சேர்ந்து வரும் ஒவ்வாமை மருந்து சிறுநீர்ப்பை சுருங்கித் தள்ளும் வலுவைக் குறைத்துவிடும். அரைகுறையாகத் திறந்திருந்த கதவை அந்த மாத்திரை சாத்திவிட்டது.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது எங்களிடம் சொல்லப்பட்டவை நான்கே வாக்கியங்கள். பையைக் கீழே வையுங்கள், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், குழாயை இழுக்காதீர்கள், பத்து நாள் கழித்து வாருங்கள். நான் மருத்துவன் அல்லன், கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுபவன். அந்த நான்கு வாக்கியங்களுக்குள் எவ்வளவு அடங்கியிருந்தது என்பதை இருபத்துமூன்று நாட்களில், பெரும்பாலும் தவறு செய்தே, கற்றுக்கொண்டேன். இதே நிலையில் இன்னொரு வீடு இருக்குமானால் அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் வீட்டுக்கு வந்த அன்றே, பாயின் உருவத்தில் வந்தது. அப்பா அறுபது வருடமாகத் தரையில் பத்தமடைப் பாய் விரித்துப் படுக்கிறவர். கட்டில் அவருக்கு நோயாளிகளின் இடம். ஆனால் இந்தப் பையை இயக்குவதற்கு மோட்டாரோ உறிஞ்சு குழலோ இல்லை; மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடும் அதே விதிதான். தரையில் படுத்தவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே பையை வைக்க இடம் ஏது? முதல் இரவு அவர் பிடிவாதமாகப் பாயில் படுத்தார். பை அவருக்குப் பக்கத்தில் அதே தரையில் கிடந்தது. அதிகாலையில் அடிவயிறு கனக்கிறது என்று எழுப்பினார். எழுந்து உட்காரவைத்துப் பையைத் தாழப் பிடித்ததும் மளமளவென்று இறங்கியது. அதன்பிறகே கட்டிலுக்கு ஒப்புக்கொண்டார், பத்தமடைப் பாயை மெத்தைக்கு மேல் விரித்த பிறகு.

பையோடு வந்த கொக்கி எங்கள் தேக்குக் கட்டிலின் தடித்த சட்டத்தில் மாட்டவில்லை. கொடிக்கயிறு ஒரு துண்டைச் சட்டத்தில் சுற்றிக் கட்டி அதில் தொங்கவிட்டேன். பை தரையில் படக்கூடாது. படுகிற அளவுக்குத் தாழ்ந்துவிட்டால் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் வாளி ஒன்றுக்குள் அதை நிறுத்திவைக்கலாம். குழாய் வழியில் எங்கும் மடியாமல், தொடைக்கு அடியில் நசுங்காமல், வளையமாகத் தொங்காமல் வருகிறதா என்று ஒவ்வொரு முறை அவர் திரும்பிப் படுத்த பிறகும் பார்க்க வேண்டியிருந்தது. அடைப்பு என்று பயந்து நான் எழுந்த இரவுகளில் பாதிக்குமேல், குழாய் வேட்டி மடிப்புக்குள் முறுக்கிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

குழாயைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் ஃபோலீஸ் என்று கேட்டால் தருகிற இந்த வகை, 1930களில் இதை வடிவமைத்த அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் பிரெடெரிக் ஃபோலியின் பெயரைத் தாங்கியது. உள்ளே போன நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பலூன் இருக்கிறது. அதில் பத்து மில்லி அளவுக்குச் சுத்திகரித்த நீரை ஏற்றியதும் அது சிறுநீர்ப்பைக்குள் உப்பிக் குழாய் வெளியே நழுவாமல் பிடித்துக்கொள்ளும். வெளியே இரண்டாகப் பிரியும் முனைகளில் ஒன்று பைக்கு, இன்னொன்று பலூனுக்கு. சீட்டில் 16 என்று எழுதியிருந்தது குழாயின் தடிமன். அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும், அதாவது ஐந்தேகால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 16 என்றால் பலூன் முனை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், 14 பச்சை, 18 சிவப்பு. மஞ்சள் பூத்த ரப்பர் குழாயைப் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். விலை கூடுதலான சிலிக்கான் குழாய் பன்னிரண்டு வாரம் வரை இருக்கலாம். எது போட்டிருக்கிறார்கள், எந்தத் தேதியில் போட்டார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் மருத்துவமனையை விட்டு வெளியே வரக்கூடாது. நாங்கள் கேட்காமல் வந்து, பிறகு தொலைபேசியில் மூன்று பேரிடம் கேட்டோம்.

பலூன் பற்றி அறிந்தவர்களுக்கு இழுப்பது ஏன் ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் இரவு அப்பா தூக்கக் கலக்கத்தில் எழுந்து, பை கட்டிலில் கட்டியிருப்பதை மறந்து இரண்டு எட்டு வைத்துவிட்டார். குழாயில் இளஞ்சிவப்பாக நீர் வந்து, நல்வாய்ப்பாக மறுநாள் மதியத்துக்குள் தெளிந்தது. அதன் பிறகு, குழாயைத் தொடையில் ஓர் இடத்தில் சிறிது தளர்வு விட்டுப் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டேன். இழுவை வந்தால் அது தொடையோடு நின்றுவிடும், உள்ளே போகாது. ஒரே இடத்தில் ஒட்டினால் தோல் உரிந்துவிடும் என்பதால் ஒருநாள் வலது தொடை, ஒருநாள் இடது தொடை.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது சுத்தம் செய்வது. வேலையாகப் பார்த்தால் அது ஐந்து நிமிடம்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, குழாய் உடலுக்குள் நுழையும் இடத்தைச் சாதாரணச் சோப்பும் தண்ணீரும் கொண்டு தினம் கழுவி, குழாயின் மேல் படிந்திருப்பதை உடலிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, ஈரம் ஒற்றிவிட வேண்டும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவியபின் மறக்காமல் பழையபடி முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மறந்துவிட்டால் அது இறுகி வீங்கி வேறொரு அவசரத்தில் கொண்டுபோய் விடும். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். அவர்களுடைய சிறுநீர்த் தாரை நான்கு சென்டிமீட்டர் அளவே என்பதால் மலவாயின் கிருமி உள்ளே ஏறுவதற்குத் தூரம் குறைவு. கிருமிநாசினித் திரவமோ பவுடரோ தேவையில்லை, அவை தோலை எரிக்கும். அம்மா மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தாள், அதையும் வேண்டாம் என்றேன்.

ஆனால் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என் முன்னால் வேட்டி விலகி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "நானே பாத்துக்கிடுதேன், நீ போ" என்று இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாவையும் விடவில்லை. என் மனைவி கேட்கக்கூட முடியாத உறவு. மூன்றாம் நாள் துர்நாற்றம் வந்த பிறகே, அவர் கழுவவே இல்லை, குழாயைத் தொடப் பயந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. நான் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதுவும் கேட்காமல் வேலையைத் தொடங்கினேன். அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, "கன்னடியன் கால்ல தண்ணி வந்துட்டால?" என்று கேட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, இந்த வருடம் நடுகைக்குத் தட்டு இருக்காது என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் அந்த ஐந்து நிமிடம் நாங்கள் வயலைப் பற்றித்தான் பேசினோம்.

அந்தக் கூச்சம்தான் எங்களை மருத்துவமனைக்கு மறுபடியும் அனுப்பியது என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்குள்ளேயே இருக்க முடியாமல் அப்பா மாலையில் தெருவில் நடக்க ஆசைப்பட்டார். அம்மா ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் சிறுநீர்ப் பையை வைத்து, காய்கறி வாங்கப் போகிறவர்போலக் கையைத் தொங்கவிட்டுப் போகலாம். யோசனை அருமையானது, கை தொங்கிக்கொண்டிருந்த வரையில். எதிரே தெரிந்தவர் வந்ததும் குழாய் கண்ணில் பட்டுவிடும் என்று அவர் மஞ்சள் பையை நெஞ்சோடு தூக்கி அணைத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு நின்று பேசியிருக்கிறார். எங்கள் தெருவில் தெரியாதவர் யார் இருக்கிறார்கள்? பையின் வாயில் திரும்பி வராமல் தடுக்கும் அடைப்பு இருந்தாலும், நீண்ட குழாயில் நிற்கும் பழைய சிறுநீர் பை உயர்ந்தால் உள்ளேதான் போகும். ஒன்பதாம் நாள் சாயங்காலம் உடம்பு தூக்கிப்போடுகிற குளிரோடு காய்ச்சல் வந்தது. இன்னதுதான் காரணம் என்று மருத்துவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. குழாய் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகும் என்று மட்டும் சொன்னார். பழைய குழாயை எடுத்துப் புதியது போட்டு, அந்தப் புதிய குழாயிலிருந்துதான் பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்தார்கள். பையில் தேங்கியதைச் சோதித்தால் அங்கே வளர்ந்த கிருமியெல்லாம் கணக்கில் வந்துவிடும். ஐந்து நாள் தங்கினோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குழாய் சில வாரம் இருந்தாலே சிறுநீரில் கிருமி குடியேறிவிடும். ஒரு மாதம் கடந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். காய்ச்சலோ வலியோ இல்லாதவருக்குப் பரிசோதனை முடிவைப் பார்த்து மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிச்சமாகும். உறவினர் ஒருவர் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று தன் வீட்டில் மிஞ்சிய மாத்திரை அட்டையை அனுப்பிவைத்தார். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவருக்கு வருத்தம்தான்.

பையைக் காலி செய்வது பற்றி: முக்கால்வாசி நிறையும்வரை காத்திருக்காமல், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அடித் திருகைத் திறந்து, அதன் முனை பாத்திரத்தில் படாமல் வடித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மூட வேண்டும். முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். குழாயும் பையும் சேரும் இணைப்பை, வாரம் ஒருமுறை பை மாற்றுகிற நேரம் தவிர, கழற்றவே கூடாது. அப்பா ஒரு நீள நோட்டை எடுத்து வருகைப் பதிவேட்டைப்போலக் கட்டம் போட்டு, தேதி, மணி, குடித்தது, வடித்தது, நிறம் என்று தலைப்புகள் எழுதி, தன் கையெழுத்திலேயே நிரப்பினார். தன் உடம்பில் நடப்பதைப் பேசக் கூசியவருக்கு அதைக் கட்டத்துக்குள் எழுதுவதில் கூச்சம் இருக்கவில்லை. மருத்துவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார்.

புதிய குழாய் போட்ட பிறகு, குழாயைச் சுற்றிச் சிறுநீர் கசிந்து வேட்டி நனையத் தொடங்கியது. கூடவே சுருக்கென்ற வலி. குழாய் சிறியதாகிவிட்டது, பெரியது போடச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் முடிவுகட்டினோம். மருத்துவமனைச் செவிலியர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா வெளிய போய் எத்தனை நாளாச்சு அண்ணே?" என்பது. நான்கு நாள். குழாயோடு கழிவறையில் உட்கார அஞ்சி அடக்கி வைத்திருந்தார். இறுகிய மலம் பக்கத்திலிருந்து நெருக்கினால் சிறுநீர்ப்பை எரிச்சலுற்றுச் சுருங்கும். வடிகிற வழியும் நெருக்கப்படும். நீர் குழாயின் ஓரமாகப் பிதுங்கும். இரவில் இரண்டு நாட்டுப்பழம், சோற்றோடு கீரை, மருத்துவர் சொன்ன மலமிளக்கி ஆகியவற்றால் மூன்றாம் நாள் கசிவு நின்றது.

மலச்சிக்கலுக்கும் பைக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் இன்னும் விசித்திரமான ஒன்றையும் செய்யும். சில வருடங்களுக்கு முன் படுக்கையில் இருந்த எங்கள் பெரியம்மாவின் பை ஒருநாள் நாவற்பழ நிறத்துக்கு மாறியது. குழாயில் வருவது மஞ்சள், பை மட்டும் ஊதா. செய்வினை என்று பேச்சுக் கிளம்பி, கோடாங்கிக்கு ஆள் போகவிருந்தது. உண்மையில், உணவிலுள்ள ஒரு புரதக்கூறு குடலில் அதிக நேரம் தங்கும்போது அங்குள்ள பாக்டீரியா அதைச் சிதைக்க, கல்லீரல் வழியே மாறிச் சிறுநீரில் வந்து சேரும் பொருளைச் சிறுநீரிலுள்ள சில கிருமிகள் நீலமும் சிவப்புமான இரு சாயங்களாக மாற்றுகின்றன. இரண்டும் பிளாஸ்டிக்கில் ஊறி ஊதாவாகின்றன. நீலச் சாயம் வேறொன்றும் இல்லை, அவுரியிலிருந்து எடுக்கிற அதே இண்டிகோதான். பையையும் குழாயையும் மாற்றி, மலச்சிக்கலையும் தொற்றையும் மருத்துவர் கவனித்ததும் நிறம் போயிற்று. கோடாங்கிக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் பை வாங்கினோம். படுக்கையிலேயே இருக்கிறவர்களுக்கு இப்போது இன்னொரு வசதியும் இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் செவிலியர்களிடம் இவற்றைக் கேட்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை வராத நாள் இல்லை. நாள் முழுவதும் பரவலாக இரண்டு லிட்டர் அளவுக்குக் குடித்து, சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதும். இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவர்களுக்கு அந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு, குளிர்ச்சி என்று இளநீர் வாங்கிக் கொடுத்தால் அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தைத் தாக்கும். நெருஞ்சில் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு என்று வந்து சொன்னவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். பெருத்த சுரப்பி அவற்றால் கரைவதில்லை.

நான்கு மணி நேரமாகப் பையில் ஒன்றும் இறங்காமல் அடிவயிறு உப்பினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, குழாய் தானே கழன்று விழுந்தாலோ, வயதானவர் திடீரென்று ஆள் மாறி உளறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; 108ஐ அழைத்துவிடலாம். கழன்ற குழாயை வீட்டில் மறுபடியும் நுழைக்க ஒருபோதும் முயலக்கூடாது.

அப்பாவுக்கு இந்த நாட்களில் உண்மையான துக்கம் ஆற்றுக்குப் போக முடியாததுதான். வாளித் தண்ணீரில் மொண்டு குளிக்கலாம், ஆனால் குழாயோடு ஆற்றில் அமிழ்ந்து குளிக்கக்கூடாது. தாமிரபரணியில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் நிற்கிறது என்று தினமும் என்னைக் கேட்பார். கட்டிலோரம் தொங்கும் பையைப் பார்த்து, "இந்தச் சவத்த எப்பம்ல எடுப்பாவ?" என்பார்.

இருபத்துமூன்றாம் நாள் காலையில் எடுத்தார்கள். பலூன் நீரைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டதும் குழாய் ஒரு மூச்சில் வெளியே வந்துவிட்டது. அதற்குள் சுரப்பியின் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை இரண்டு வாரத்துக்குமேல் உள்ளே போயிருந்தது. தானாகப் போகிறாரா என்று பார்க்கும் வரை வீட்டுக்கு விடமாட்டார்கள். அவசரப்பட்டு அளவுக்குமேல் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று செவிலியர் சொல்லியிருந்தார். முதலில் 150 மில்லி, எரிச்சலோடு, அடுத்தது 220. ஸ்கேனில் மிச்சம் 70 மில்லிதான் என்றார்கள். மாத்திரையைத் தொடர வேண்டும், அதனால் எழும்போது தலை சுற்றலாம், இரவில் உட்கார்ந்து நிதானித்து எழ வேண்டும், இனி எந்தக் கடையில் சளி மாத்திரை வாங்கினாலும் புராஸ்டேட் இருக்கிறது என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்று சீட்டில் எழுதித் தந்தார்கள்.

மாலையில் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னீர்பள்ளம் தாண்டியதும் அப்பா ஓட்டுநரின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி ஒரு கருவேலமரத்துக்கு அப்பால் போய் நின்றார். ரோட்டோரத்தில் போகக்கூடாது என்று எத்தனையோ முறை அவரிடம் சொன்னவன் நான். அன்று அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தவர் மஞ்சள் பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "மணி என்னல?"

"ஆறே முக்கால்ப்பா. அளவு என்ன எழுத?"

"அளவுக் கட்டத்துல ஒரு கோடு போட்டிரு" என்றார்.